96,032 நோயாளிகள்... 13 நாளில் திரும்பப் பெறப்பட்ட ஆய்வு: மருத்துவக் கட்டுரையை எப்படிப் படிப்பது?

'ஆய்வில் நிரூபணம்' என்று ஒரு செய்தி மொபைலுக்கு வந்தால், பெரிய இதழ், பெரிய எண்ணிக்கை ரெண்டும் இருந்தாலே நம்பிடலாமா? கரோனா காலத்தில் நடந்த ஒரு சம்பவம், 'வேண்டாம்' என்கிறது.

என்ன நடந்தது?

2020 மே 22. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுக்கப்பட்ட கரோனா நோயாளிகளிடம் இறப்பு அதிகம் என்று 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் எனப் பிரமாண்ட கணக்கு. மூன்றே நாளில், உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது.

எங்கே இடித்தது?

ஏப்ரல் 21 வரை ஆஸ்திரேலியாவில் பதிவான மொத்த கரோனா மரணங்களே 67. ஆய்விலோ, அங்குள்ள ஐந்து மருத்துவமனைகளில் மட்டும் 73! தரவு கொடுத்தது 'சர்ஜிஸ்பியர்' என்ற அமெரிக்க நிறுவனம். மூலத் தரவை முழுசாகக் காட்டச் சொன்னபோது, ரகசியக் காப்பைக் காரணம் காட்டி மறுத்தது. ஜூன் 4 அன்று, நான்கு ஆசிரியர்களில் மூவர் கட்டுரையைத் திரும்பப் பெற்றனர்.

அப்போ மருந்து நல்லதா?

அதுவும் இல்லை. மறுநாளே பிரிட்டனின் 'ரெக்கவரி' பரிசோதனை முடிவு வந்தது. அதில் யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. 28 நாளில், மருந்து பெற்ற 1,561 பேரில் 27%, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25% இறந்தனர். அதாவது, மருந்தால் பலன் இல்லை. ஓர் ஆய்வு பொய்த்தால், அதற்கு எதிரானது உண்மையாகிவிடாது.

கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. தரவு எங்கிருந்து வந்தது? வெளியாட்கள் சரிபார்க்க முடியுமா?

2. ஒப்பீடு நியாயமானதா? நோய் முற்றியவர்களுக்கே மருந்து கொடுத்திருந்தால், மருந்துதான் கொன்றது போலத் தெரியும். குலுக்கல் முறை இந்தச் சிக்கலைப் பெருமளவு தவிர்க்கும்.

3. 'ஆபத்து இரட்டிப்பு' என்றால், எத்தனையிலிருந்து எத்தனை? பத்தாயிரத்தில் ஒருவர் இருவரானாலும் இரட்டிப்புதான். நூறில் பத்து இருபதானாலும் இரட்டிப்புதான்.

ஷேர் பண்ணும் முன், கட்டுரையின் தலைப்பை அந்த இதழின் தளத்தில் ஒருமுறை தேடுங்கள். திரும்பப் பெறப்பட்டிருந்தால், பெரும்பாலும் அங்கேயே அறிவிப்பு இருக்கும்.