லொறி போனாலும் வீடு இருக்கட்டும்



கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எங்கள் பிரதான வீதியால் போகும்போது பார்த்திருப்பீர்கள். வாகன விளம்பரங்களும் லீசிங் நோட்டீஸ்களும் மறுபடியும் முளைத்திருக்கின்றன. 2020 மார்ச் முதல் மூடிக்கிடந்த வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகு, "ஒரு சின்ன லொறி எடுத்தா என்ன?" என்ற பேச்சு பல வீடுகளில் தொடங்கியிருக்கிறது. அந்தப் பேச்சு உங்கள் வீட்டுக்கு வருமுன் 2022ஆம் ஆண்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போமா?

அந்த ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு ராத்தா என்னைத் தேடி வந்தார். கையில் பொலித்தீன் உறையில் சுற்றிய வீட்டு உறுதி. கணவர் மீன் வியாபாரி. 2018இல் ஐந்து வருட லீசிங்கில் பழைய சின்ன லொறியொன்று எடுத்திருந்தார். முற்பணம் ராத்தாவின் காப்புகளை விற்ற காசு. இரவில் மீன் ஏற்றினால் விடியுமுன் அம்பாறை, மகியங்கனை, பதுளை என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். உழைப்பும் இருந்தது, தவணையும் ஒழுங்காகப் போனது.

பிறகு கொரோனா வந்தது. தவணைக்குச் சில மாதம் சலுகை கிடைத்தது. ஆனால் சலுகை என்பது தள்ளுபடியல்ல. தள்ளிப்போன தவணை வட்டியோடு பின்னால் வந்து சேர்ந்தது. அதைக் கட்டி முடிக்குமுன் 2022 வந்துவிட்டது.

"தங்கச்சி, இந்த உறுதிய வெச்சுக் கடன் எடுத்தா லொறி தப்பும் எண்டு சொல்றாரு. சைன் வெக்கட்டா?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. லொறி அந்த வீட்டின் சோறு. வீடோ அந்தப் பிள்ளைகளின் நிழல். எதை விடச் சொல்வது?

சகோதரிகளே, பொருளாதாரம் சரியும்போது முதலில் படுத்துவிடுவது பெரிய வாகன வியாபாரம்தான். காரணம் எளிது. அரிசியும் பால்மாவும் வாங்காமல் இருக்க முடியாது. வாகனம் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். அதிலும் லொறியின் கதை வேறு. ஏற்றுவதற்குச் சாமான் இருந்தால்தான் லொறி தேவைப்படும். 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டதால் நெல் விளைச்சல் விழுந்தது. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. நெல்லும் மீனும் குறைந்தால் லொறிக்கு என்ன வேலை?

எரிபொருளைப் பாருங்கள். 2021 டிசம்பர் இறுதியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபா. அந்த விலைக்கும் வரிசையில் நாள்கணக்காக நிற்க வேண்டியிருந்தது. கியூ.ஆர். முறை வந்தபோது லொறிக்கு வாரத்துக்கு 50 லீற்றர்தான் ஒதுக்கினார்கள். வட்டியும் சும்மா இருக்கவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. புதிய வாகனம் நாட்டுக்குள் வரவில்லை. பழைய வாகனத்தின் விலையோ ஏறியிருந்தது. அதை வாங்கக் கடன் எடுப்பதும் இலேசாக இருக்கவில்லை.

இது எங்கள் நாட்டுக்கு மட்டும் வந்த சோதனையுமல்ல. சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் தொண்டு நிறுவனங்களின் பெரிய ஜீப்புகள் எங்கள் வீதியில் ஓடியது நினைவிருக்கும். அமெரிக்காவில் சாதாரணக் குடும்பங்களே அப்படியான ஜீப்புகளை வைத்திருந்தன. 2008இல் அங்கு பெற்றோல் ஒரு கலன் 4 டொலரைத் தாண்டியதும் அவற்றின் விற்பனை சரிந்தது. ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி ட்ரக், ஜீப் செய்யும் நான்கு தொழிற்சாலைகளை மூடப்போவதாக அந்த ஜூனில் அறிவித்தது. 2009 ஜூனில் அந்தக் கம்பனியே வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அங்கே விற்பனை விழுந்தபோது தொழிற்சாலை வாசல் மூடியது. எங்களிடம் அப்படியான தொழிற்சாலை இல்லை. ஆகவே இங்கே அந்த அடி நேரே வீட்டு வாசலுக்கு வந்தது.

எங்கள் கரையோர ஊர்களில் அது பெண்ணின் வாசல். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை எடுப்பது எங்கள் வழக்கம். உறுதி பெரும்பாலும் பெண்ணின் பெயரில். (சீதனம் பற்றி எனக்குப் பல கேள்விகள் உண்டு. அதை வேறொரு மாதம் பேசுவோம்.) லொறியின் முற்பணம் அவள் நகை, பிணைக் கையெழுத்து அவளோ அவள் சகோதரியோ, கடைசியில் கேட்கப்படுவது அவள் உறுதி. ஆனால் லொறி வாங்கும் பேச்சில் அவளுக்கு ஓர் இடம் இருந்ததா?

அந்த ராத்தா கையெழுத்து வைக்கவில்லை. கணவரோடு லீசிங் கிளைக்குப் போய், கணக்கை முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் கேட்டார்கள். கிளையின் சம்மதத்தோடு தாங்களே ஆள் பார்த்து லொறியை விற்றார்கள். கடன் முடிந்து கொஞ்சம் மிஞ்சியது. அதில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி, பின்னால் பெட்டி கட்டி ஊருக்குள் மீன் விற்கிறார் கணவர். காப்புகள் திரும்பி வரவில்லை. "அவசரப்பட்டு வித்துட்டம்" என்று கணவரின் காக்கா இன்னும் குறை சொல்கிறார். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் நிலைமை மாறியிருக்குமோ என்று நானும் யோசித்ததுண்டு. ஆனால் அந்த வீட்டில் இன்று அவர்கள்தான் குடியிருக்கிறார்கள்.

வாகனம் வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லொறியால் தலைநிமிர்ந்த குடும்பங்களும் எங்கள் ஊரில் உண்டு. வாங்குமுன் சிலவற்றை மனதில் வையுங்கள்.

முதலாவது, லொறி மூன்று மாதம் ஓடாவிட்டால் தவணை எங்கிருந்து வரும் என்று கணக்குப் பாருங்கள். பதில் இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள்.

இரண்டாவது, லீசிங் என்றாலும் இஜாரா என்றாலும் பத்திரத்தைத் தமிழில் விளக்கிக் கேளுங்கள். மொத்தம் எவ்வளவு கட்டுவோம், தாமதித்தால் என்ன, முன்கூட்டி முடித்தால் என்ன என்று கேட்பதில் வெட்கமில்லை. லீசிங்கில் கடைசித் தவணை கட்டும்வரை வாகனத்தின் உரிமை கம்பனிக்கே.

மூன்றாவது, பிணைக் கையெழுத்து ஒரு சடங்கல்ல. வாகனத்தைப் பறித்து விற்ற காசு கடனுக்குப் போதாவிட்டால் மீதியைப் பிணையாளியிடமும் கேட்கலாம்.

நான்காவது, தவணை தவறப்போகிறது என்று தெரிந்தவுடனேயே கிளைக்குப் போங்கள். ஒளிந்திருந்தால் கட்டணம்தான் ஏறும். அங்கு நியாயம் கிடைக்காவிட்டால் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு, பிறகு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை நாடலாம். தொலைபேசி இலக்கம் 1935.

கடைசியாக ஒன்று. லொறியின் நிலுவைக்காக வீட்டு உறுதியை வெளியே எடுக்காதீர்கள். இரும்பு போனால் இன்னொரு நாள் வாங்கலாம். கூரை போனால் பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது?

இன்று இரவு சோறு போடும்போது வீட்டில் லொறிப் பேச்சு வந்தால் கோபப்படாமல் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "ஓடாத மாசத்துக்கு என்ன செய்வம்?"