முகமூடிக்குள் யார்?

2015இல் வெளிவந்த ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ வீடியோ விளையாட்டை விடுதி நண்பர்கள் வானளாவப் புகழ்கிறார்கள். மழையில் நனையும் அந்த நகரம் அழகுதான், மறுப்பாரில்லை. ஆனால் வில்லன்? அங்கேதான் கதை சறுக்கியது என்பேன்.

பேட்மேனின் அசைவையெல்லாம் அறிந்த முகமூடிக்காரன் ஒருவன் மிரட்டுகிறான். யாரோ, எவனோ என்று நெடுநேரம் நம்மைக் காக்கவைக்கிறார்கள். கடைசியில் முகமூடி கழல்கிறது. ஜேசன் டாட்! முன்பு ராபினாக உடனிருந்து, ஜோக்கரிடம் சிக்கி, மாண்டான் என்று பேட்மேனே நம்பிய பிள்ளை. நெஞ்சு உருகவேண்டிய இடம். உருகவில்லையே, ஏன்?

2009, 2011 பாகங்களின் கதையில் இவன் பாத்திரமாக வந்ததே இல்லை. இந்தப் பாகத்தின் நடுவில்தான் அவன் பட்ட வதையை அவசரமாகக் காட்டுகிறார்கள். காமிக்ஸ் படித்தவன் அப்போதே விடையைக் கண்டுகொள்கிறான். 1988இல் வாசகர்களே தொலைபேசியில் வாக்களித்துக் கொன்ற ஜேசன், 2005இல் மீண்டு வந்த கதை அவனுக்குப் பாடம். (வாக்குரிமையை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள், பாருங்கள்!) படிக்காதவனோ, “யாரப்பா இவன்?” என்கிறான். ஒருவனுக்குப் புதிர் இல்லை. மற்றவனுக்குத் துயரம் இல்லை.

அதே விளையாட்டில், 2011 பாகத்திலேயே மாண்ட ஜோக்கர் பேட்மேனின் மயக்கத்தில் தோன்றிப் பேசுகிறான். சிரிக்கிறேன், நடுங்குகிறேன். இரண்டு பாகம் அவனோடு பழகியவனல்லவா நான்! ஜேசனுக்காகவும் ஆல்பிரட் அன்றே ஒருமுறை பெருமூச்சு விட்டிருக்கலாமே.