மாத்திரையும் மோனமும்

சென்ற பருவத்தில் விடுதி அறையொன்றில் எழுந்த விவாதமே இக்கட்டுரைக்கு வித்து. "இருபது ஆண்டு தியானித்து யோகி காண்பதை ஒரு மாத்திரை ஆறு மணி நேரத்திற் காட்டிவிடுகிறது. பின் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எதற்கு?" என நண்பர் ஒருவர் வினவினார். கூடியிருந்தோரிற் பலர் தலையசைத்தனர். அன்று என்னால் மறுமொழி கூற இயலவில்லை. நகைத்துத் தள்ளக்கூடிய வினாவன்று அது. எனினும், பிழையான வினா என்பதே என் துணிபு.

எதிர்த்தரப்பின் வலுவை முதலில் ஒப்புக்கொள்வோம். 1943இல் சுவிற்சர்லாந்து விஞ்ஞானி அல்பேர்ட் ஹொஃப்மன் எல்.எஸ்.டி.யின் விளைவைத் தற்செயலாகக் கண்டறிந்தார். 1953இல் மெஸ்கலின் உட்கொண்ட ஆங்கில எழுத்தாளர் ஒல்டஸ் ஹக்ஸ்லி, அடுத்த ஆண்டே அவ்வனுபவத்தை நூலாக்கி ஞானியர் கண்ட காட்சியோடு அதனை ஒப்பிட்டார். 1962ஆம் ஆண்டின் பெரிய வெள்ளியன்று, பொஸ்ரன் பல்கலைக்கழகத்து மார்ஷ் தேவாலயத்தில், இறையியல் மாணவர் இருபதின்மரைக் கொண்டு வால்ரர் பாங்கே ஒரு பரிசோதனை நடத்தினார். காளானிலிருந்து பெறப்படும் சைலோசைபினை உட்கொண்ட பதின்மரிற் பெரும்பாலோர் ஆழ்ந்த சமய அனுபவம் பெற்றதாகக் கூறினர். 2006இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழுவினர் 36 பேரிடம் நடத்திய ஆய்விலும், ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அவ்வனுபவத்தைத் தம் வாழ்வின் மிகப் பொருள் பொதிந்த ஐந்தனுள் ஒன்றாக மதித்தனர். இவையனைத்தும் பொய்யெனக் கூறுபவன் ஆய்வு நேர்மையை இழக்கிறான்.

ஆனால் அதே ஏடுகளின் மறுபக்கத்தையும் படித்தல் வேண்டும். பாங்கேயின் பரிசோதனையில் மாணவர் ஒருவருக்குக் கலக்கம் மிகுந்து, அவரை அமைதிப்படுத்த மருந்து செலுத்த நேர்ந்தது. ஆய்வறிக்கை மறைத்த இச்செய்தியை 1991இல் றிக் டொப்லின் வெளிப்படுத்தினார். 2006ஆம் ஆண்டின் ஆய்விலும் 36 பேரில் 11 பேர் கடும் அச்சத்துக்கு உள்ளாயினர். இத்தனைக்கும், அவர்கள் உளநோய் அபாயமுடையோரை நீக்கித் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். முன்பே சமய ஈடுபாடு கொண்டவர்கள். பயிற்சி பெற்றோர் அருகிருந்து காத்தவர்கள். எவர் கைமாறி வந்தது, எதனுடன் கலந்தது என்றறியாத துண்டொன்றை விடுதி அறையில் நாவில் வைப்பவனுக்கு இக்காவல்களுள் எது உண்டு?

ஆயினும் ஆபத்து ஒன்றே என் வாதமன்று. ஆபத்தற்ற மருந்து நாளை வரலாம். மருத்துவர் அதனை நோய்க்கு வழங்கலாம். அதிலும் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் அதனை ஞான நெறியென்று கூறுவோமாயின், அன்றும் என் மறுப்பு நிற்கும். அனுபவம் வேறு, நெறி வேறு என்பதே அம்மறுப்பு. கணக்கின் விடையைக் காதிற் கேட்டவன் கணக்கறிந்தவன் ஆகான் என்பதைப் பரீட்சை மண்டபத்தில் அமர்ந்த எவரும் அறிவர்.

பதஞ்சலியின் யோக சூத்திரத்து நான்காம் பாதத்தின் தொடக்கத்தைச் சிலர் தமக்குச் சான்றாகக் காட்டுவர். பிறப்பு, மூலிகை, மந்திரம், தவம், சமாதி ஆகிய ஐந்தாலும் சித்திகள் வாய்க்கும் என்று அங்குக் கூறப்படுகிறது. உண்மைதான். ஆனால் இச்சித்திகள் சமாதிக்கு இடையூறு என்று மூன்றாம் பாதம் முன்னரே எச்சரித்துவிட்டது. ஆகவே மூலிகை தருவதாகப் பதஞ்சலி ஒப்புவது யோகத்தின் முடிவையன்று. யோகி கடந்து செல்லவேண்டிய ஒன்றையே. எட்டு உறுப்புக்களில் முதலாவதான இயமமோ கொல்லாமை, வாய்மை, கள்ளாமை முதலாய ஒழுக்கங்களைப் பேசுகிறது. நம் திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரிக்குமுன், முதல் தந்திரத்திலேயே கள்ளுண்ணாமைக்குத் தனிப்பகுதி வகுத்துவிட்டார்.

வேதத்துச் சோமபானத்தை முன்வைப்பாரும் உளர். 1968இல் கோர்டன் வாசன் அதனை ஒருவகைக் காளான் என வாதிட்டார். அது இன்றும் முடிவுறாத வழக்கு. சோமக்கொடி இன்னதென்பது மறக்கப்பட்டு, மாற்றுச் செடிகள் அதனிடத்தைப் பெற்றன. உபநிடத முனிவரோ வேள்வியையே அகத்துக்கு மாற்றினர். செடி தொலைந்தும் தேடல் தொலையவில்லை என்பதே ஈண்டு நாம் பெறும் பாடம்.

எங்கள் மாத்தளை நகரின் வடபால் அலுவிகாரைப் பாறைகள் உள. வட்டகாமணி மன்னன் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், பாளி திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் அதுவென மரபு கூறும். ஐந்தாம் சீலம் மதுவை விலக்குவதற்குக் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது. அது விழிப்பின்மையை விளைக்கும் என்பதே அக்காரணம். பௌத்த தியானம் பயில்வதோ அந்த விழிப்பையே. விழிப்பைத் தேடிச் செல்பவன் அதனை விலையாகக் கொடுத்து எதனை வாங்கப் போகிறான்?

மருந்தின் வழியிற் சென்றோர் வாக்கையே கேட்போம். டிமொதி லியறியோடு ஆய்வு செய்து 1963இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டவர் றிச்சார்ட் அல்பேர்ட். எத்தனை முறை உச்சிக்கு ஏறினும் அத்தனை முறையும் இறங்கவேண்டியிருந்தது என்ற ஏமாற்றத்தைப் பின்னர் அவரே எழுதினார். 1967இல் இந்தியா வந்து நீம் கரோலி பாபாவைக் கண்டு, ராம் தாஸ் என்ற பெயர் பெற்றார். தாம் கொடுத்த எல்.எஸ்.டி. குருவிடம் எம்மாற்றத்தையும் விளைக்கவில்லை என்பது அவர் கூற்று. சீடர் சொல்லும் கதையைச் சான்றாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் இறங்கிய ஏமாற்றம் அவருடைய சொந்த வாக்குமூலம்.

இதனைக் கேட்கும்போது என் பாட்டனார் நினைவுக்கு வருகிறார். சம்பள நாளில் தோட்டத்து ஆண்கள் தவறணைக்கு நடந்ததைக் கண்டு வளர்ந்தவர் அவர். "குடிச்ச ராத்திரிக்குக் கூரை ஒழுகாது, விடிஞ்சா அதே லயம்தான்" என்பார். உழைப்பாளியின் மயக்கத்தை இழிவென்றும், படித்தவனின் மயக்கத்தை ஞானமென்றும் பெயரிடுவது எவ்வகை நீதி? விலையும் சொல்லும் மாறின. ஒழுகும் கூரை மாறவில்லை.

இவ்விடத்து நம் பக்கத்தையும் நோக்குதல் கடன். சிகிரியா, தம்புள்ளைப் பக்கத்து உல்லாச விடுதிகளில் யோகம் இன்று சுற்றுலாப் பொதியில் ஓர் அங்கம். அமைதியை விலைக்கு வாங்கி, வீடு திரும்பிப் பழையபடியே வாழ்பவனுக்கு யோகாசனமும் ஒரு மாத்திரையே. நாள்தோறும் தியானித்தெழுந்து, சாதி பார்த்துத் தண்ணீர் கொடுப்பவனுக்கும் அஃதே. ஆதலின் என் வழக்கு கீழைத்தேயத்துக்கும் மேலைத்தேயத்துக்கும் இடையிலான போட்டியன்று. கண்ட காட்சி எத்துணைப் பெரிதென்பது நெறிக்கு அளவுகோலாகாது. கண்டவன் மறுநாட்காலை எவ்வாறு நடந்தான் என்பதே அளவுகோல்.

நண்பரே, உமது வினாவுக்குக் காலந்தாழ்த்திய என் விடை இது. இருபது ஆண்டுப் பயிற்சி என்பது காட்சிக்காகக் காத்திருக்கும் வீண் காலமன்று. சினத்தை அடக்கியதும், பொய்யை விட்டதும், பிறர் துயரைத் தன் துயராய் உணர்ந்ததும் அந்த இருபது ஆண்டுகளிலேதான். அவ்வாண்டுகளே நெறி. அவற்றை நீக்கி எஞ்சியதை விழுங்குபவன் வழியைச் சுருக்கியவனல்லன். வழியில் அடியெடுத்தே வைக்காதவன்.