பாலைக்குப் புறப்படும் பழைய வண்டி

அபூதபியில் பணியாற்றும் அன்பர் ஒருவரிடமிருந்து சென்ற திங்கள் கடிதம் வந்தது. 1996ஆம் ஆண்டில் வெளியான டொயோட்டா லேண்ட் குரூஸர் ஒன்றைத் தம் ஈராண்டுச் சேமிப்பைக் கொண்டு அவர் வாங்கியிருக்கிறார். குளிர்காலம் பிறந்ததும் மனைவி மக்களுடன் லீவா மணற்குன்றுகளைக் கண்டுவர வேண்டும் என்பது அவரது நெடுநாளைய ஆவல். கையில் எஞ்சியிருக்கும் பணத்தில் வண்டியை உயர்த்துவதா, பெரிய டயர் பூட்டுவதா, கூரையில் விளக்கு வரிசை பொருத்துவதா, எதை முதலில் செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் அடியில் வேறொரு கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: "பிள்ளைகளோடு போகிறோம், வழியில் நின்றுவிடாதா?"

கேள்விகள் இரண்டு. அந்தச் சகோதரியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டால் அன்பரின் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

வாங்கிய வண்டியைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. 80 வரிசை எனப்படும் இவ்வகை, முன்னும் பின்னும் ஒரே தண்டாக அமைந்த உறுதியான அச்சுகளும், அவற்றின் மேல் சுருள் வில்களும் கொண்டது. கரடுமுரடான பாதைக்கென்றே பிறந்தது எனலாம். எனினும் அதற்கு வயது ஏறத்தாழ முப்பது. இரும்பு நன்றாக இருப்பதைக் கண்டு நாம் ஏமாந்துவிடுகிறோம். ரப்பர்க் குழாய்கள், ஆயில் சீல்கள், டயர்கள் ஆகியவற்றின் ஆயுள் இரும்பின் ஆயுளைப் போன்றதன்று. பாலையில் வண்டியை நிறுத்துபவை பெரும்பாலும் இவையே.

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பு. பல ஆண்டுகளுக்கு முன் அல் ஐன் நகருக்கு அப்பால் என் உறவினர் ஒருவரது வண்டியில் ஒரு பயணம் சென்றோம். டயர்கள் புதியவை, விளக்குகள் புதியவை. கை முழம் நீளம்கூட இல்லாத பழைய ரப்பர்க் குழாய் ஒன்று பிளந்து, இருந்த நீர் முழுவதும் மணலில் கொட்டிவிட்டது. குடிப்பதற்கென்று வைத்திருந்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவதா, குழந்தைகளுக்குக் கொடுப்பதா என்று நான்கு மணி நேரம் கலங்கி நின்றோம். வேறொரு வண்டி வந்து காப்பாற்றியது. அந்த நான்கு மணி நேரத்தை நினைத்துத்தான் இப்பகுதியை எழுதுகிறேன்.

ஆகவே ரேடியேட்டருக்குச் செல்லும் மேல், கீழ்க் குழாய்களை மட்டுமன்றி, ஹீட்டருக்குச் செல்லும் சிறு குழாய்களையும் மாற்றிவிடுங்கள். வெப்ப நாட்டில் ஹீட்டர் எதற்கு என்று பலர் அவற்றைக் கவனிப்பதில்லை. ஆனால் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் அவற்றின் வழியாகவும் ஓடுகிறது. 80 வரிசையின் 4.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில், பின்பக்கம் கை எளிதில் எட்டாத இடத்தில் இத்தகைய குட்டைக் குழாய் ஒன்று உண்டு. எட்டாத காரணத்தாலேயே அது மாற்றப்படாமல் கிடக்கும். குளிர்சாதனக் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே அடைந்திருக்கும் மணலை நீக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது நிறுத்தி, சாவியையும் எடுத்துவிட்டு, விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்றால் விசிறிக் கிளட்ச் ஓய்ந்துவிட்டது என்று பொருள். "சூடு அதிகம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம்" என்று எவரேனும் யோசனை கூறினால் ஏற்க வேண்டாம். அது நோயைத் தீர்க்காமல் மறைக்கும் வழி. எரிபொருள் செலவையும் தேய்மானத்தையும் பெருக்கும்.

இரண்டாவது, முன் சக்கரங்களின் உட்புறம். அங்கே உருண்டை வடிவக் கூட்டுக்குள், சக்கரம் திரும்பும்போதும் சுழற்றிக்கொடுக்கும் இணைப்பு ஒன்று கிரீஸில் புதைந்திருக்கிறது. உள்ளிருக்கும் ஆயில் சீல் தேய்ந்தால் டிஃபரன்ஷியல் எண்ணெய் கசிந்து வந்து கிரீஸைக் கூழாக்கிவிடும். அந்தக் கூழ் வெளியே வழிந்து, சக்கரத்தின் உட்பக்கம் கறுப்பாகப் படியும். இதனைக் கண்டும் காணாமல் விட்டால் இணைப்பும் பேரிங்கும் ஒருசேரத் தேய்ந்து, ஒரு நாள் உடையும். சீல்களை மாற்றி, கிரீஸைக் கழுவிப் புதிதாக நிரப்புவது ஒரு நாள் வேலை. முஸஃப்பாவிலும் சனாய்யாக்களிலும் இதனைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கின்றனர்.

மூன்றாவது டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று அறியலாம். பட்டன் தேயாமல் பளபளப்பாக இருந்தாலும், ஐந்து ஆண்டு வெயில் குடித்த டயரை நம்பிப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். மணலில் இறங்குமுன் காற்றை 15 பவுண்டு அளவுக்குக் குறைத்தால், டயர் நீளவாக்கில் பரந்து மணலின் மேல் மிதப்பது போல் செல்லும். அந்நிலையில் சட்டென்று ஒடித்துத் திருப்பினால் டயர் விளிம்பை விட்டு விலகிவிடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் வேகம் கொள்ளுமுன் காற்றை மீண்டும் நிரப்பியாக வேண்டும். குறைந்த காற்றுடன் விரைந்தால் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும். எனவே ஒரு நல்ல காற்றடிக்கும் பம்ப்பும் காற்றளவு மானியும் விளக்கு வரிசைக்கு முன்பே வாங்கத் தக்கவை.

நான்காவது, நடு டிஃபரன்ஷியல் பூட்டு. நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும் ரகங்களில் இது உண்டு. புதைந்த பிறகு போடுவதைவிட, மணலில் கால் வைக்குமுன் போடுவதே முறை. தார்ச்சாலைக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் பற்சக்கரங்கள் முறுக்கேறித் துன்புறும். ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டால் இதனை இயக்கும் சிறு மோட்டார் இறுகிவிடும். ஆகையால் திங்களுக்கு ஒருமுறை மண் தரையில் போட்டு எடுத்துப் பழகுங்கள்.

ஐந்தாவதாகச் சொல்வது உயிர் பற்றியது. புதைந்த வண்டியை மீட்க நீளும் தன்மையுள்ள நைலான் வார் பயன்படுகிறது. அது தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை நீண்டு, வில் போல் ஆற்றலைச் சேர்த்துக்கொண்டு இழுக்கும். அந்த வாரை, டிரெய்லர் கோப்பதற்காகப் பின்புறம் பொருத்தப்பட்டிருக்கும் இரும்பு உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். உருண்டை முறிந்தால் பீரங்கிக் குண்டென எதிர் வண்டியின் கண்ணாடியைத் துளைத்துச் செல்லும். ஆஸ்திரேலியாவில் இவ்வாறு உயிர்கள் போயிருக்கின்றன. வண்டியின் அடியில் காணப்படும் மெல்லிய வளையங்கள் கப்பலில் ஏற்றும்போது கட்டுவதற்கானவை. அவையும் இதற்கு ஆகா. சட்டத்துடன் உறுதியாகப் பூட்டப்பட்ட, தாங்கும் எடை குறிக்கப்பட்ட கொக்கிகள் முன்னும் பின்னும் வேண்டும். இழுக்கும்போது பெண்களும் பிள்ளைகளும் வண்டியை விட்டு இறங்கி, வாரின் நீளத்தைவிட அதிகத் தொலைவில், பக்கவாட்டில் நிற்கட்டும்.

இவையனைத்தும் முடிந்து பணம் மிஞ்சினால் அன்பரின் ஆசைகளுக்கு வருவோம். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துவதில் தவறில்லை. ஆனால் அவ்வாறு செய்யும்போது முன் அச்சு சற்றே சுழன்று, ஸ்டியரிங் நேர்கோட்டில் நிற்காமல் அலையத் தொடங்கும். அதனைச் சரிசெய்யும் புஷ்களையும், போதிய நீளமுள்ள பிரேக் குழாய்களையும் சேர்த்தே வாங்க வேண்டும். டயரைப் பொறுத்தவரை, சுமார் 31 அங்குல டயருக்கென அமைந்த வண்டியில் 35 அங்குலத்தைப் பூட்டினால், மானி 100 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 112 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். எஞ்சின் திணறும், பிரேக் பிடிக்க அதிகத் தூரம் பிடிக்கும். மேலும், அமீரகத்தில் அனுமதி பெறாத மாற்றங்களுக்கு அபராதம் உண்டு. பதிவைப் புதுப்பிக்கும் பரிசோதனையிலும் வண்டி தேறாது. இதனை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அன்பரே, பார்ப்பவர் வியக்கும்படி வண்டியில் எதையும் இந்த ஆண்டு செய்ய வேண்டாம். மேற்சொன்ன ஐந்தையும் முடித்துவிட்டு, முதல் பயணத்தை நண்பர்களுடன் இரண்டு வண்டிகளாகச் சென்று வாருங்கள். குடும்பம் அடுத்த முறை வரட்டும். அப்போதும் துணைக்கு இன்னொரு வண்டி இருக்கட்டும். ஆளுக்குத் தேவையானதைவிட இரு மடங்கு தண்ணீர் இருக்கட்டும். எந்த வழியே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஊரில் ஒருவர் அறிந்திருக்கட்டும்.

கடிதத்தின் அடியில் எழுதிய சகோதரிக்கும் ஒரு சொல். வழியில் நிற்கவே நிற்காது என்று எந்த வண்டிக்கும் எவரும் உறுதி தர இயலாது. ஆனால் மாற்றிய பழைய குழாய்களையும் சீல்களையும் கடையில் விட்டுவராமல் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டும்படி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். வெடித்துப்போன அந்த ரப்பரைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு, இன்ஷா அல்லாஹ், நிம்மதியாகப் பிள்ளைகளின் கம்பளி உடைகளை எடுத்துவைக்கலாம். லீவாவில் இரவு நன்றாகவே குளிரும்.