‘மாறும்’ என்ற ஒரு சொல்



மின்காந்தத் தூண்டல் என்றதும் கம்பிச்சுருள், சட்டக் காந்தம், கல்வனோமானி ஆகிய மூன்றையும் வரைந்துவிட்டு, அலகு முடிந்தது என எண்ணுவோர் உங்களுள் பலர். 1831 இல் மைக்கல் பரடே கண்டறிந்த உண்மை அப்படத்துடன் நின்றுவிடுவதன்று. சுருளை மட்டும் மனனம் செய்வது போதாது என்பதே எமது கருத்து.

வலிமைமிக்க சிறு காந்தமொன்றை நிலைக்குத்தான செம்புக் குழாயினுள் விடுவதாகக் கொள்வோம். செம்பைக் காந்தம் கவராது. ஆயினும் காந்தம் மெதுவாகவே கீழிறங்கும். ஏன்? காந்தம் விழும்போது குழாயின் ஒவ்வொரு பகுதியிலும் காந்தப்புலம் மாறுகிறது. அதனால் குழாயின் சுவரில் சுற்றியோடும் மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. இவையே சுழிப்போட்டங்கள். லென்சின் விதிப்படி இவை தம்மைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்ப்பதால் காந்தத்தின் வேகம் குறைகிறது. குழாயை நீளப்பாட்டுக்கு வெட்டிவிட்டால் ஓட்டத்தின் சுற்றுப்பாதை அறுபடும். காந்தம் முன்னரிலும் விரைவாக விழும். இங்கே சுருளும் இல்லை, கல்வனோமானியும் இல்லை. தூண்டல் மட்டும் உண்டு.

இனி நிலைமாற்றியைப் பாருங்கள். எமது வீட்டு மின்னின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். ஆகவே ஓட்டத்தின் திசை செக்கனுக்கு 100 தடவை மாறும். அதனால் மாறும் காந்தப்புலம், துணைச்சுருளில் மட்டுமன்றி இரும்பு அகணியிலும் ஓட்டத்தைத் தூண்டி, அதனை வீணே சூடாக்கும். அகணியை ஒரே கட்டியாக அமைக்காமல், ஒன்றிலிருந்து ஒன்று காவலிடப்பட்ட மெல்லிய தகடுகளால் அமைப்பது இதனைக் குறைக்கவே. அங்கே நட்டமான அதே வெப்பம் தூண்டல் அடுப்பில் பயனாகிறது. அவ்வடுப்பில் இரும்புப் பாத்திரம் சூடேறும். மின்னைக் கடத்தாத மண்சட்டி சூடேறாது.

“வினாத்தாளில் இவ்வளவும் வருமா?” என நீங்கள் கேட்கலாம். வினா எந்த உருவில் வரும் என்பதை எவரும் கூற முடியாது. ஆனால், “காந்தப்புலத்தில் கடத்தி இருந்தால் மின்னோட்டம் தூண்டப்படும்” என எழுதுபவர் புள்ளியை இழப்பார். மாறாத புலத்தில் அசையாதிருக்கும் கடத்தியில் எதுவும் தூண்டப்படாது. ‘மாறும்’ என்ற சொல்லை விட்டால் விதியையே விட்டதாகும்.

இதனை விளங்கிக்கொண்டீர்களா எனச் சோதிக்க ஒரு வினா: நிலைமாற்றியின் முதற்சுருளுடன் மின்கலம் ஒன்றை இணைத்தால், ஆளியை மூடும்போதும் திறக்கும்போதும் மாத்திரம் துணைச்சுருளில் கணநேர ஓட்டம் தோன்றுவதேன்? புத்தகத்தைப் புரட்டாமல் விடை எழுதிப் பாருங்கள்.