உலகக் கணக்கில் நமது பேர் எங்கே?

ஒவ்வொரு சம்பளப் பேச்சுவார்த்தையிலும் கம்பனித் தரப்பு அதே பல்லவியைத்தான் பாடுகிறது: உற்பத்திச் செலவு கூடிவிட்டது, உலகச் சந்தையில் விலை இல்லை, சம்பளத்தைக் கூட்ட முடியாது. நாம் வீட்டுச் செலவைச் சொல்கிறோம். அவர்கள் உலகக் கணக்கைக் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதன் பெயர் உள்ளீட்டு வெளியீட்டு அட்டவணை. நமது செக்ரோலைப் போல அதுவும் கட்டம் போட்ட கணக்குத்தான். செக்ரோலில் நெடுக்கே பேர்கள், குறுக்கே நாட்கள். இதில் இரண்டு பக்கமும் தொழில்கள். ஒரு வரிசையைக் குறுக்காக வாசித்தால், ஒரு தொழில் தன் உற்பத்தியை யார் யாருக்கு விற்றது என்று தெரியும். மேலிருந்து கீழே வாசித்தால் உரம், மின்சாரம், லொறிக் கூலி என்று யார் யாரிடம் வாங்கியது என்று தெரியும். அந்தச் செலவெல்லாம் போக அடியில் நிற்பது பெறுமதி சேர்ப்பு. தொழிலாளியின் சம்பளமும் முதலாளியின் இலாபமும் அதற்குள்தான் இருக்கின்றன. இந்த முறையை வகுத்த பொருளியலாளர் வசிலி லியொன்டிஃபுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது.

பல நாடுகளின் அட்டவணைகளை இணைத்தால் அது சர்வதேச அட்டவணை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நமது நாட்டுப் பொருட்களுக்கு 44 வீத வரி அறிவித்துப் பின்னர் 20 வீதமாகக் குறைத்ததே, அப்படிப்பட்ட வரி எந்தத் தொழிலை எவ்வளவு பாதிக்கும் என்று பார்க்க இதுதான் உதவும். ஏற்றுமதியில் வரும் ஒரு டொலரில் எவ்வளவு உள்நாட்டில் தங்குகிறது என்பதையும் இது காட்டும். ஆடை தைக்கத் துணியும் நூலும் பெரும்பாலும் வெளியிலிருந்து வரவேண்டும். கொழுந்தோ இந்த மண்ணில் முளைத்து, நமது கையால் பறிக்கப்படுகிறது.

ஆனால் அந்தக் கை கணக்கில் தெரிவதில்லை. இலங்கையையும் சேர்த்து ஆசிய அபிவிருத்தி வங்கி தயாரிக்கும் அட்டவணையில் 35 துறைகள். விவசாயம், காடு, மீன்பிடி எல்லாம் ஒரே கட்டம். உணவு, பானம், புகையிலை உற்பத்தி இன்னொரு கட்டம். நாம் பறிக்கும் கொழுந்து நெல்லோடும் மீனோடும் கலந்துபோகிறது. ஸ்டோரில் அரைத்த தூள் பிஸ்கட்டோடும் சிகரெட்டோடும் கலந்துபோகிறது. தேயிலையில் சம்பளத்துக்கு எவ்வளவு, இலாபத்துக்கு எவ்வளவு என்று அதில் தேட முடியாது.

இது வெறும் ஏட்டுப் பிரச்சினை அல்ல. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. அந்த வருடம் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. உரம் நின்றால் கொழுந்து குறையும், ஸ்டோர் ஓடாது, ஏற்றுமதி விழும் என்று அட்டவணை காட்டும். கொழுந்து மடுவத்தில் கிலோ காணாமல் அரைப்பேர் போடப்படும் தொழிலாளியைக் காட்டும் கட்டம் அதில் இல்லை.

ஆகவே நாம் கேட்பது மூன்று. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் தேயிலைக்குத் தனி வரிசை ஒதுக்கி, சம்பளத்தையும் இலாபத்தையும் பிரித்துக் காட்ட வேண்டும். வர்த்தக உடன்படிக்கையோ இறக்குமதித் தடையோ வருமுன், அது தோட்டத் தொழிலாளரை எப்படித் தாக்கும் என்ற கணக்கைத் தொழிற்சங்கங்களுக்குத் தர வேண்டும். உற்பத்திச் செலவைப் பற்றிப் பேசும் கம்பனிகள், அந்தக் கணக்கை முழுமையாகச் சம்பள நிர்ணய சபையில் வைக்க வேண்டும்.

அட்டவணை தானாகச் சம்பளத்தைக் கூட்டித் தராது. அதற்கு நமது ஒற்றுமைதான் வேண்டும். ஆனால் கணக்குத் தெரியாமல் பேச்சு மேசைக்குப் போனால், அவர்கள் சொல்லும் தொகையைத்தான் நம்பவேண்டி வரும். செக்ரோலில் ஒரு பேர் விட்டுப்போனால் நாம் சும்மா இருப்பதில்லை, கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்கிறோம். நாட்டின் கணக்கில் விட்டுப்போன பேரையும் அப்படியே கேட்போம்.