தேசக் கடனும் நமது கடமையும்

1858-ம் வருஷத்தில் இந்திய ராஜ்யபாரம் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கையிலிருந்து பிரிட்டிஷ் மகுடத்தின் கைக்கு மாறியபோது, கம்பெனியார் பட்ட கடன்களும் இந்திய வருமானத்தின் தலையிலேயே சுமத்தப்பட்டன. அந்நியர் நடத்திய யுத்தங்களுக்கு நமது குடியானவன் வட்டி கட்டினான். இக்கணக்கைப் பரிசோதிக்க 1931-ல் காங்கிரஸ் ஒரு கமிட்டியை நியமித்தது. தஞ்சாவூரில் பிறந்த ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா அதன் அங்கத்தினராக இருந்து உழைத்தார். எவருடைய நன்மைக்காக வாங்கிய கடன், எவருடைய சம்மதியின் பேரில் வாங்கிய கடன் என்பவையே அன்று எழுந்த கேள்விகள்.

இன்று நாம் படும் கடன் நமது சொந்தக் கடன். ஆகவே அக்கேள்விகள் ஓய்ந்துவிட்டன என்று கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

2025-26-ம் வருஷத்து மத்திய பட்ஜெட்டை எடுத்துக்கொள்வோம். மதிப்பிட்ட மொத்தச் செலவு சுமார் 50.65 லக்ஷம் கோடி ரூபாய். அதில் வட்டிக்கு மட்டும் 12.76 லக்ஷம் கோடி. அதாவது நான்கில் ஒரு பங்கு. கடனாக வாங்க உத்தேசித்த தொகையோ 15.69 லக்ஷம் கோடி. வாங்கும் புதுக் கடனில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சமமான தொகை பழைய கடனின் வட்டிக்கே போகிறது என்றால், இந்நிலை சுகமானதென்று யார் சொல்லக்கூடும்?

கடன் வாங்குவதே பாவம் என்பது நமது வாதமன்று. அணையும் ரயில் பாதையும் துறைமுகமும் நமது பேரர்களுக்கும் பயன் தருவன; அவற்றின் பாரத்தில் அவர்களும் பங்கு கொள்வது நியாயமே. ஆனால் மேற்படி பட்ஜெட்டில் 5.24 லக்ஷம் கோடி ரூபாய் வருமானக் கணக்கில் விழுந்த துண்டு. அதில் பெரும்பகுதி மாகாணங்களுக்குக் கொடுக்கும் மானியமென்றும், அது சொத்தாக மாறுகிறதென்றும் அதிகாரிகள் சமாதானம் கூறுவர். அப்படியாயின் அந்தச் சொத்தின் கணக்கை ஜனங்களுக்கு எடுத்துக் காட்டட்டும்.

சட்டத்தின் கதி என்ன? வருமானத் துண்டை ஒழிக்கவேண்டுமென்று 2003-ம் வருஷத்துச் சட்டம் விதித்தது. 2018-ல் அவ்விதியே நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, மத்திய சர்க்காரின் கடன் 2024-25 முடிவுக்குள் தேச உற்பத்தியில் 40 சதவிகிதத்துக்கு இறங்கவேண்டும் என்றார்கள். இடையே வந்த பெருந்தொற்று பெருஞ்செலவு வைத்தது உண்மையே. எனினும், 2025-26-க்கு மதிப்பிட்ட கடன் 56.1 சதவிகிதம். 2031 மார்ச்சுக்குள் சுமார் 50 என்று புதிய குறி ஒன்றும் கூறப்பட்டது. குறி தவறுந்தோறும் குறியை நகர்த்துவது வில்வித்தையாகுமா?

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. அரசியல் சட்டத்தின் 112, 113-வது ஷரத்துக்களின்படி, வட்டிச் செலவைப் பார்லிமெண்டு விவாதிக்கலாம். ஆனால் அது வாக்கெடுப்புக்கு வராது. 1919, 1935-ம் வருஷத்துச் சட்டங்களிலும் வட்டிச் செலவு வாக்கெடுப்புக்கு உட்பட்டதன்று. கொடுத்த வாக்கைக் காப்பது நாணயம். அதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால் வட்டி ஏற ஏற, ஜனப் பிரதிநிதிகளின் வாக்குக்கு உட்பட்ட பணம் சுருங்குகிறது. ஆதலின் கடன் வாங்குமுன்னரே வாக்குச் சீட்டு பேசவேண்டும். கடனுக்கு வரம்பு கட்டும் அதிகாரத்தை 292-வது ஷரத்து பார்லிமெண்டுக்கு அளித்திருக்கிறது. அதை மெய்யாகவே பிரயோகித்து, அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கலாகாது என்ற விதியை மீண்டும் சட்டமாக்கவேண்டும்.

இன்னும் பிறவாத குழந்தைக்கு வாக்கில்லை. அதன் பெயரால் கையெழுத்திடுபவர் நாம். அந்நியனிடம் அன்று கேட்ட கணக்கை நம்மவரிடம் இன்று கேட்கத் தயங்குவது சுயராஜ்யத்துக்கு அழகன்று.